பத்தாவது கேள்விக்கு நான் போட்ட பூஜ்யம்

ஒரு கர்ப்பிணிக் கைதியிடம் கேட்க வேண்டிய கேள்வியை நான் கேட்கவில்லை. கேட்டதாகப் படிவத்தில் குறித்தேன். அவள் சொல்லாத பதிலை அவள் பதிலாக எழுதினேன். பிறகு விசாரணை வந்தபோது அதே படிவத்தைக் காட்டி என்னைக் காப்பாற்றிக்கொண்டேன். என் குற்றம் இவ்வளவுதான். ஆனால் சுருக்கிச் சொன்னால் எந்தக் குற்றமும் சின்னதாகத்தான் தெரியும். அதனால் முழுவதும் சொல்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.

நான் சிதம்பரத்துக்காரி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்தவள். கர்ப்பிணிகளுக்கும் புதிதாகப் பிள்ளை பெற்றவர்களுக்கும் மனநல ஆலோசனை தருவது என் தொழில். வெளி மாவட்டத்துச் சிறை ஒன்றில் பெண்கள் பகுதிக்குப் போய்வர எனக்கு அனுமதி கிடைத்திருந்தது. சம்பளம் கிடையாது. நானாகக் கேட்டு வாங்கிய வேலை அது. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. எந்தச் சிறை என்று எழுதப் போவதில்லை. அந்தப் பெண்ணின் பெயரையும் ஊரையும் வயதையும் எழுதப் போவதில்லை. ஒரு முறை அவளைக் கைவிட்டது போதும்.

அவள் கடலூர்ப் பக்கத்துக் கடலோரக் கிராமம் ஒன்றில் பிறந்தவள். புருஷன் விட்டுப் போயிருந்தான். புதுச்சேரியில் மது விலை குறைவு. அங்கிருந்து பாட்டில்களை எல்லை தாண்டிக் கொண்டுவந்து கொடுத்தால் நடைக்கு இவ்வளவு என்று கூலி. சரக்கு யாருடையது என்றுகூட இவளைப் போன்றவர்களுக்குச் சரியாகத் தெரியாது. பிடிபடுவது இவர்கள்தான். அவள் மேல் ஏற்கெனவே அதே மாதிரி வழக்குகள் இருந்தன. விசாரணைக் கைதியாக உள்ளே வந்தாள். ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட ஆள் இல்லை. மனு போட்டு அவளைப் பார்க்க யாரும் வரவில்லை. வயிற்றில் ஏழு மாதம்.

நான் கொண்டுபோன படிவத்துக்கு எடின்பரோ அளவுகோல் என்று பெயர். 1987-இல் ஜான் காக்ஸும் அவருடைய சகாக்களும் ஸ்காட்லாந்தில் உருவாக்கியது. பிரசவத்தை ஒட்டி வரும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க உலகம் முழுக்கப் பயன்படுகிறது. தமிழில் சோதித்துப் பார்த்த வடிவம் 2005-இலேயே வந்துவிட்டது. மொத்தம் பத்துக் கேள்விகள். கடந்த ஏழு நாளில் எப்படி இருந்தீர்கள் என்று கேட்பவை. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண். பத்தாவது கேள்வி, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. மற்ற ஒன்பதின் கூட்டுத்தொகை எவ்வளவு குறைவாக இருந்தாலும், பத்தாவதுக்குப் பூஜ்யம் தவிர வேறு பதில் வந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இதை மாணவிகளுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன்.

அன்று மாலை ஒரு சின்ன அறையில் அவள் எதிரே உட்கார்ந்திருந்தேன். கதவோரம் பெண் காவலர் ஒருவர் நின்றிருந்தார். கொஞ்சம் தள்ளி நிற்க முடியுமா என்று அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் நின்றிருப்பார். நான் கேட்கவில்லை.

ஒன்பது கேள்விகளை ஒழுங்காகக் கேட்டேன். சிரிக்க முடிகிறதா, தூக்கம் வருகிறதா, காரணமில்லாமல் பயம் வருகிறதா. அழுகை வந்ததா என்பது ஒன்பதாவது. "டெய்லி வருது மேடம்" என்றாள். பிறகு அவளாகவே பேச ஆரம்பித்தாள். "ராத்திரியில ஒரு நெனப்பு வருது மேடம். அது வந்துட்டா..." அங்கேயே நிறுத்தினாள். காவலரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

அவள் என்ன சொல்ல வருகிறாள் என்று எனக்குப் புரிந்தது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். புரியாமல் விட்டுவிட்டேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும். நன்றாகப் புரிந்தது. புரிந்ததால்தான் பேச்சை மாற்றினேன்.

கடலூர் அஞ்சலை அம்மாளின் கதையை எடுத்தேன். "உங்க ஊர்ப் பக்கம்தான், தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். முதுநகரில் 1890-இல் பிறந்தவர். 1927-இல் சென்னையில் நீலன் சிலையை அகற்றக் கோரிய போராட்டத்தில் சின்னப் பெண்ணான தன் மகளையும் அழைத்துக்கொண்டு போய்ச் சிறைபட்டவர். உப்புச் சத்தியாகிரகத்தில் அடிபட்டவர். கள்ளுக்கடை மறியலில் நின்றவர். கர்ப்பிணியாக வேலூர்ச் சிறைக்குப் போனவர். பிறந்த பிள்ளைக்கு ஜெயில்வீரன் என்று பெயர் வழங்கியது. பின்னாளில் சட்டமன்ற உறுப்பினராகவும் ஆனார். இத்தனையும் சொன்னேன். கல்லூரி மேடை ஒன்றில் இதே கதையைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருந்தேன். அதே ஏற்ற இறக்கத்தோடு அவளிடமும் சொன்னேன். "அவங்க தாங்கினாங்க இல்ல? நீயும் தாங்குவ" என்று முடித்தேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "அவங்க கள்ளுக்கடைய எதுத்து நின்னவங்க மேடம். நான் பாட்டிலத் தூக்கிட்டு வந்தவ."

அங்கேயாவது நான் நின்றிருக்க வேண்டும். அவள் தன்னை எவ்வளவு கேவலமாக நினைக்கிறாள் என்பதை ஒரே வரியில் சொல்லிவிட்டாள். ஊர் கொண்டாடும் காரணத்துக்காகச் சிறைக்குப் போனவரின் கர்ப்பமும், ஊர் தூற்றும் காரணத்துக்காகச் சிறைக்கு வந்தவளின் கர்ப்பமும் ஒன்றல்ல. அஞ்சலை அம்மாளோடு அவருடைய கணவர் முருகப்பா இருந்தார். ஓர் இயக்கமே இருந்தது. இவளுக்கு மனு பார்க்கக்கூட ஆள் இல்லை. இந்த வித்தியாசம் படிக்காத அவளுக்குத் தெரிந்தது. படித்த எனக்குத் தெரியவில்லை. "தாய்மை எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா" என்று சொல்லி அவள் தோளைத் தட்டினேன். அவள் தலையாட்டினாள். அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

பத்தாவது கேள்வியை நான் வாசிக்கவே இல்லை. பூஜ்யத்தில் குறியிட்டேன். அறிக்கையில் "ஆலோசனை வழங்கப்பட்டது. மனநிலை சீராக உள்ளது. தாய்மைக்குத் தயாராக இருக்கிறார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஏன் செய்தேன் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் பல நாள் கேட்டுக்கொண்டேன். முதல் காரணம் பயம். அதற்கு முன்பு வேறு ஒரு கைதியைப் பற்றி நான் எழுதிக் கொடுத்தபோது, அவளை மருத்துவமனைக்கு அழைத்துப் போக எஸ்கார்ட் ஏற்பாடு செய்வதில் பெரிய அலைச்சலாகிவிட்டது. "இந்த மேடம் வந்தாலே வேலைதான்" என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. இன்னொரு முறை எழுதினால் அனுமதியை நீட்டிக்க மாட்டார்கள் என்று பயந்தேன். உள்ளே போய்வரும் உரிமையைக் காப்பாற்றிக்கொள்ள, எதற்காக உள்ளே போனேனோ அதை விட்டுக்கொடுத்தேன்.

இரண்டாவது காரணம் கர்வம். சிறையில் கர்ப்பிணிகளுக்கு ஆலோசனை என்ற தலைப்பில் ஒரு கருத்தரங்கில் பேச ஒப்புக்கொண்டிருந்தேன். என் ஆலோசனையால் தேறிய பெண்கள் எனக்குத் தேவைப்பட்டார்கள். அவள் தேறினால் எனக்கு நல்லது. அதனால் தேறிவிட்டாள் என்று எழுதினேன்.

மூன்றாவதைச் சொல்ல நாக்கூசுகிறது. நேரமாகிவிட்டது. கடலூர் வந்து, அங்கிருந்து ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் வழியாகச் சிதம்பரம் போய்ச் சேர இருட்டிவிடும். நான் பஸ்ஸைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் சாவைப் பற்றிப் பேச வாயெடுத்தபோது நான் மணி பார்த்தேன்.

இனி இதற்கு அவள் கொடுத்த விலை.

அப்போது இலவசச் சட்ட உதவி வக்கீல் ஒருவர் அவளுக்காக மனு தயாரித்துக்கொண்டிருந்தார். ஜாமீன்தாரர் இல்லாமல் சொந்தப் பிணையில் விட வேண்டும் என்பது கோரிக்கை. பெண் என்ற காரணத்துக்காக ஜாமீனில் கருணை காட்டச் சட்டமே நீதிமன்றத்துக்கு இடம் தருகிறது. கர்ப்பத்தையும் மனநிலையையும் அதோடு சேர்த்துச் சொல்லலாம் என்று வக்கீல் நினைத்திருந்தார். என் அறிக்கையைப் படித்தார். மனநிலை பற்றிய பத்தியை எடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. நிபுணர் என்று கையெழுத்துப் போட்டவள் நான். மனு தள்ளிப் போனது. அவள் காவலில் இருந்தபடியே அரசு மருத்துவமனையில் பிள்ளை பெற்றாள். பெண் குழந்தை. குழந்தையோடு சிறைக்குத் திரும்பினாள்.

பிரசவத்துக்குப் பிறகு வரும் முதல் வாரங்கள்தான் ஆபத்தானவை. படிவத்தை அப்போது மறுபடி எடுக்க வேண்டும். நான் கருத்தரங்கக் கட்டுரையில் மூழ்கியிருந்தேன். போகவில்லை.

ஒரு ராத்திரி அவள் தன்னை முடித்துக்கொள்ளப் பார்த்தாள். பக்கத்தில் படுத்திருந்த வயதான ஆயுள் கைதி ஒருவர் பார்த்துவிட்டார். அவர் விழித்திருக்காவிட்டால் இந்தக் கட்டுரையை நான் வேறு மாதிரி எழுதியிருக்க வேண்டும்.

அவளை மனநலச் சிகிச்சைக்கு அனுப்பினார்கள். குழந்தையைச் சேர்த்து வைத்துப் பார்க்க அங்கே வசதி இல்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸில் தாயையும் சேயையும் ஒன்றாக வைத்துச் சிகிச்சை தரும் பிரிவு 2009-இலிருந்து இருக்கிறது. ஆனால் அப்படிப்பட்ட படுக்கைகள் நாட்டில் மிகச் சிலவே. அவளுக்கு ஒன்று கிடைக்கவில்லை. அவளுடைய அம்மாவைத் தேடிப் பிடித்துக் குழந்தையைக் கொடுத்தார்கள். தாய்க்குப் பால் வற்றியது. குழந்தை புட்டிப்பாலில் வளர்ந்தது. வெளியே வந்து அவள் கை நீட்டியபோது, குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு பாட்டியின் தோளைப் பிடித்துக்கொண்டது. இதை அந்தப் பாட்டியே என்னிடம் சொன்னார்.

இன்னொன்றையும் அவர் சொன்னார். மகள் எங்கே இருக்கிறாள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் வந்திருப்பாராம். முதல் சந்திப்பிலேயே அவள் அம்மாவின் போன் நம்பரை என்னிடம் சொல்லியிருந்தாள். நான் சிறையின் நல அலுவலரிடம் அதைக் கொடுத்திருந்தால் போதும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். மறந்துவிட்டேன். எந்த உளவியலும் தேவைப்படாத வேலை அது.

விசாரணை வந்தது. முன்பே ஏதாவது அறிகுறி தெரிந்ததா என்று என்னைக் கேட்டார்கள். என் கையில் அந்தப் படிவம் இருந்தது. அதை மேசையில் வைத்தேன். "பத்தாவது கேள்விக்குப் பூஜ்யம் என்றுதான் சொன்னாள்" என்றேன். குரல் நடுங்கவில்லை. அறிகுறி இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். முதல் பொய்யை அவசரத்தில் சொன்னேன் என்று யாராவது எனக்காக வாதாடலாம். இரண்டாவது பொய்யை யோசித்துச் சொன்னேன். அதற்கு வாதமே கிடையாது. பழி முழுவதும் அவள் தலையில் போனது. எதையும் வெளியே சொல்லாத அழுத்தக்காரி என்று பேசிக்கொண்டார்கள்.

அன்று வெளியே வரும்போது அந்த வயதான கைதி என்னை நிறுத்தினார். திட்டவில்லை. "அவ உங்ககிட்டச் சொல்லத்தாம்மா வந்தா. நீங்க கதை சொன்னீங்களாம்" என்றார். அவ்வளவுதான். என் வேலையைப் பற்றி இதுவரை யாரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

எனக்குத் தெரியாமல் நடந்த தவறு இல்லை இது. பாகிஸ்தானில் ராவல்பிண்டியைச் சுற்றியுள்ள கிராமங்களில் அதிஃப் ரஹ்மானும் அவர் குழுவும் செய்த ஆய்வு 2008-இல் லான்செட் இதழில் வந்தது. மனச்சோர்வில் இருந்த கர்ப்பிணிகளைக் கிராமச் சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். அவர்கள் உளவியல் படித்தவர்கள் இல்லை. குறுகிய பயிற்சி பெற்றவர்கள். பிரசவத்துக்கு முன்பே தொடங்கிக் குழந்தைக்கு ஒரு வயது நெருங்கும் வரை தொடர்ந்து போனார்கள். தாயின் உடம்பும் மனமும், தாய்க்கும் குழந்தைக்கும் உள்ள ஒட்டு, சுற்றியிருப்பவர்களின் ஆதரவு ஆகிய மூன்றையும் பேசினார்கள். பிள்ளை பிறந்து ஆறு மாதத்தில், அப்படிப் பார்க்கப்பட்ட பெண்களில் 23 சதவீதம் பேர் மட்டுமே மனச்சோர்வில் இருந்தார்கள். பணியாளர்கள் வெறுமனே வந்து பார்த்துவிட்டுப் போன பெண்களிடையே அது 53 சதவீதம். இந்த முறையை உலக சுகாதார நிறுவனம் 2015-இல் கையேடாகவே வெளியிட்டது. பொறுமையாகக் கேட்பதும் தொடர்ந்து போவதும்தான் அதன் அடிப்படை. நான் கேட்கவும் இல்லை, தொடர்ந்து போகவும் இல்லை. ஒரு வீராங்கனையைக் கொண்டுபோய் அவள் முன்னால் நிறுத்தினேன். அதன் பிறகு பயப்படுவதற்கே அவள் வெட்கப்பட்டிருப்பாள்.

அந்தக் கதையையாவது நான் முழுதாகச் சொன்னேனா? இல்லை. அஞ்சலை அம்மாளைப் பேறுகாலத்துக்காகச் சிறையிலிருந்து வெளியே விட்டார்கள். வெளியேதான் பிள்ளை பெற்றார். அதன் பிறகு கைக்குழந்தையோடு வேலூருக்குத் திரும்பினார். கைதட்டலுக்கு அந்தப் பகுதி உதவாது என்று மேடையில் எப்போதும் விட்டுவிடுவேன். அவளுக்குத் தேவைப்பட்டது அந்தப் பகுதிதான். 1930-களின் தொடக்கத்தில், வெள்ளைக்காரன் ஆட்சியில், அவனை எதிர்த்த பெண்ணுக்கே கிடைத்த விடுதலை அது. 2006 ஏப்ரலில் ஆர்.டி. உபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அதைத்தான். முடிந்தவரை கர்ப்பிணிக் கைதிகளைத் தற்காலிகமாக விடுவித்து வெளியே பிரசவம் நடக்கச் செய்ய வேண்டும், பிறப்புச் சான்றிதழில் பிறந்த இடம் சிறை என்று எழுதக் கூடாது என்றது. 2010-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற பாங்காக் விதிகளும் கர்ப்பிணிகளுக்குச் சிறை அல்லாத வழிகளையே முதலில் பார்க்கச் சொல்கின்றன. உள்ளே வரும் பெண்ணிடம் தற்கொலை எண்ணம் உண்டா என்று தொடக்கத்திலேயே கண்டறியவும் சொல்கின்றன. நான் தாண்டிப்போன கேள்வி உலகமே கேட்கச் சொன்ன கேள்வி.

கடைசியில் உண்மையை எழுதிக் கொடுத்தேன். உடனே இல்லை. வாரக்கணக்கில் தள்ளிப்போட்டேன். அந்தப் பாட்டி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வக்கீலோடு என் முன்னால் வந்து உட்கார்ந்தார். ஜாமீன் மனுவுக்கு மனநிலை பற்றிச் சான்று வேண்டும் என்றார்கள். என் பழைய அறிக்கை குறுக்கே நின்றது. அப்போதுதான் எழுதினேன். பத்தாவது கேள்வியை நான் கேட்கவில்லை, பூஜ்யம் நான் போட்டது, விசாரணையில் சொன்னதும் பொய் என்று மூன்றையும் எழுதிச் சிறைக்கும் வக்கீலுக்கும் கொடுத்தேன். அவள் வெளியே வந்தாள். எனக்கு அனுமதி ரத்தானது. அது நியாயம்.

அவளைப் போய்ப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க மேடம்" என்றாள். மன்னித்துவிட்டாள் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. என்னிடம் பேசிப் பயனில்லை என்பது அவளுக்கு முன்பே தெரியும்.

2022 டிசம்பர் 31 அன்று இந்தியச் சிறைகளில் 1,537 பெண்கள் 1,764 குழந்தைகளோடு இருந்தார்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குத் தருகிறது. வயிற்றுப் பிள்ளைகள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். இவர்களிடம் போகிற ஆலோசகர்களுக்கு ஒன்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. காவலரைக் காது கேட்காத தூரத்தில் நிற்கச் சொல்லுங்கள். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் கேளுங்கள். ராத்திரியில் விழித்திருப்பவர்கள் உடன் இருக்கும் கைதிகள்தான். எதைக் கவனிக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். அம்மாவுக்குப் போன் போடச் சொன்னால் அன்றே அதற்கு வழி செய்யுங்கள். அவள் தைரியமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். உங்கள் அறிக்கையை ஒரு வக்கீலும் நீதிபதியும் நம்பிப் படிப்பார்கள் என்பதை நினைத்து எழுதுங்கள்.

நான் இப்போது கடலூர் மாவட்டத்துக் கிராமங்களில் கர்ப்பிணிகளைப் பார்க்கிறேன். பத்தாவது கேள்வியைத் தவறாமல் வாய்விட்டுக் கேட்கிறேன். பதில் வரும்வரை காத்திருக்கிறேன். என்ன பதில் வந்தாலும் அன்றே மருத்துவருக்கு எழுதிக் கொடுக்கிறேன். இதைப் பரிகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். அன்று மாலை, அந்த அறையில், அவளுக்கு நான் செய்திருக்க வேண்டிய வேலை இது.